நிர்வாகிகளின் நம்பிக்கைக் குறியீடும் தங்கள் மகளின் விருப்பப் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதமும் அதனுடன் இணைத்திருந்த செய்தித்தாள் நறுக்கும் கிடைத்தன. தொழில்துறையினரின் நம்பிக்கை சரிந்துவிட்டது என்ற தலைப்பின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறீர்கள். திருப்பூரில் இருபது ஆண்டுகளாக ஜாப் ஒர்க் யூனிட் (ஏற்றுமதிக் கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குச் செய்து தரும் பட்டறை) நடத்திவருகிற ஒருவர் அப்படியொரு தலைப்பை எளிதில் கடந்துபோக முடியாதுதான். மகள் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க விரும்புகிறாள். கம்பெனி நடத்துகிறவர்களே நம்பிக்கை இழந்த துறையில் பெண்ணைச் சேர்ப்பதா, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் போட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இந்திய ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உற்பத்தித் துறை நிறுவனங்களிடம் ஒரு கணிப்பை நடத்துகிறது. உற்பத்தி, கையிலுள்ள ஆர்டர்கள், வேலைக்கு வைத்திருக்கும் ஆட்கள், இலாபம் என ஒவ்வொன்றைப் பற்றியும் நிலைமை இந்தக் காலாண்டில் எப்படி, அடுத்து வரும் காலாண்டில் எப்படி இருக்கும் என்பதே கேள்வி. மேம்படும் என்றவர்களின் சதவீதத்திலிருந்து மோசமாகும் என்றவர்களின் சதவீதத்தைக் கழித்தால் நிகர மதிப்பு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, நூறு பேரில் 45 பேர் மேம்படும் என்றும் 15 பேர் மோசமாகும் என்றும் சொன்னால் விடை 30. அடுத்த முறை அது 40, 20 என்று மாறினால் விடை 20 ஆகிவிடும். சரிவு என்று தலைப்பும் வந்துவிடும். அப்போதும் நம்பிக்கையுடன் இருப்பவர்கள் மற்றவர்களைவிட இருமடங்கு என்பதும், மாற்றமில்லை என்று சொன்ன மீதி 40 பேர் இந்தக் கழித்தலில் எங்குமே வருவதில்லை என்பதும் தலைப்பில் தெரியாது. இந்த விடைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும் மொத்தக் குறியீட்டில் 100 என்பதே எல்லைக்கோடு. அதற்கு மேலே இருந்தால் வளர்ச்சி, கீழே இறங்கினால் சுருக்கம். தாங்கள் அனுப்பிய நறுக்கின் கடைசிப் பத்தியிலேயே குறியீடு 100க்கு மேல் இருப்பதாக ஒரு வரி உள்ளது. அதற்குத் தாங்கள் கோடு போடவில்லை.

இதில் இன்னொரு குறையும் உண்டு. அது நாடு முழுவதுக்குமான கணிப்பு. குஜராத்தின் இரசாயன ஆலையும் ஸ்ரீபெரும்புதூரின் கார் உதிரிபாகத் தொழிற்சாலையும் சேர்ந்த எண்ணில் திருப்பூரின் நிலையைத் தனியே பிரித்துப் பார்க்க இயலாது. நம் பகுதியின் மனநிலையை அறிய ஏற்றுமதியாளர் சங்கமோ கோவையின் சிறுதொழில் சங்கமான கொடிசியாவோ வெளியிடும் அறிக்கைகளைப் பார்க்கலாம். ஆனால் அரசிடம் சலுகை கேட்கும் அறிக்கையில் துன்பம் சற்றுத் தூக்கலாகவும், கண்காட்சிக்கு வெளிநாட்டு பையர்களை அழைக்கும் அறிக்கையில் நம்பிக்கை சற்றுத் தூக்கலாகவும் இருப்பது இயல்பு. இரண்டும் பொய்யல்ல, எழுதப்படுவதன் நோக்கம் வேறு, அவ்வளவே. என்னைக் கேட்டால், பனியன் கம்பெனி வாசல்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டியிருக்கும் டெய்லர், செக்கிங், ஹெல்பர் தேவை என்ற நோட்டீஸ்களையும், ஒன்றரை ஷிப்ட் ஓடிய யூனிட் ஒரு ஷிப்டோடு விளக்கணைக்கிறதா என்பதையும் பார்த்துத் தாங்கள் சொல்லும் கணிப்பு எந்தக் குறியீட்டுக்கும் குறைந்ததல்ல.

இருந்தும் அந்தக் கணிப்பின் ஆயுள் மிகக் குறைவு என்பதைத் தாங்களே கண்டிருக்கிறீர்கள். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கிருந்து ஆர்டர்கள் நம் பக்கம் திரும்பும் என்ற பேச்சு திருப்பூரெங்கும் இருந்தது. 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதியும் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம் ஆடைகளுக்கு அங்கே தீர்வை நீங்கும் வழி பிறந்தது. அடுத்த ஐந்தே வாரங்களில், ஆகஸ்ட் 27 முதல், அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. நம் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வாங்கிய நாடு அது. ஜூலைக் கடைசியில் ஒரு நிர்வாகியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார், ஆகஸ்ட் கடைசியில் அவரே என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பதில்களும் அந்தந்த நாளுக்கு நேர்மையான பதில்கள்தான்.

தங்கள் மகள் படிக்கப்போவதோ நான்கு ஆண்டுகள், அதாவது பதினாறு காலாண்டுகள். அடுத்த காலாண்டைப் பற்றிய பதிலை வைத்துப் பதினேழாவது காலாண்டின் வேலையை நிர்ணயிக்க முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாதுகாப்பானது என்று எண்ணுகிறீர்கள். டிசிஎஸ் நிறுவனம் 2021-22 நிதியாண்டில் மட்டும் தன் பணியாளர் எண்ணிக்கையை ஒரு லட்சத்துக்கும் மேல் உயர்த்திக்கொண்டது. அந்த ஆண்டு மென்பொருள் துறை நிர்வாகிகளின் நம்பிக்கைக்கு எல்லையே இல்லை. அதைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரும் ஏராளம். 2023-24இல் அதே நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கை 13,000க்கும் மேல் குறைந்தது. அந்தத் துறையை நான் குறை சொல்லவில்லை; ஆர்வமுள்ள மாணவருக்கு அது நல்ல படிப்பே. ஆனால் ஜவுளிக்குப் பயந்து ஓடி அடையும் புகலிடமாக அது இருக்காது.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்று தங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் மூடப்பட்டபோது, திருப்பூரின் கதை முடிந்தது என்றே பலரும் பேசினார்கள். அந்த மாதம் நம்பிக்கைக் குறியீடு எடுத்திருந்தால் அது தரையில் கிடந்திருக்கும். ஆனால் சாயக்கழிவுநீரில் ஒரு சொட்டுகூட நொய்யலுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனைதான், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் உப்பு மீட்பும் முழுமையாக நிலைபெறக் காரணமாயிற்று. அவற்றை இயக்க வேதியியல் தெரிந்தவர்கள் வேண்டும், நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆள் வேண்டும், சாய அளவைக் குறைக்கும் வழி தெரிந்த ஜவுளிப் பொறியாளர் வேண்டும். அந்த நெருக்கடியான மாதத்தில் ஜவுளித் தொழில்நுட்பத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவர் 2014இல் வெளியே வந்தபோது, முன்பு அரிதாயிருந்த ஒரு வேலை இருந்தது. ஆகவே பதினேழு வயதுப் பிள்ளைக்காகப் பார்ப்பவர்கள் நிர்வாகிகள் என்ன உணர்கிறார்கள் என்பதைவிட, எந்த இயந்திரத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் பணத்தை இறக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். போட்ட முதலை அடுத்த காலாண்டில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் அந்தக் குறியீட்டை ஒதுக்கிவிடலாமா என்று கேட்பீர்கள். ஒதுக்கக் கூடாது, அது தங்கள் மகளின் வேலையைக் காட்டிலும் தங்கள் வருமானத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. ஆர்டர் குறைந்தால் ஏற்றுமதிக் கம்பெனி தன் சொந்தத் தையல் டேபிள்களை முதலில் ஓட்டும். ஜாப் ஒர்க் தங்களுக்குக் கடைசியாகத்தான் வரும், பில் பணமும் தாமதமாகும். கல்லூரிக் கட்டணம் தாமதமாகாது. ஆகவே எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு அல்ல, எவ்வளவு கட்டணமுள்ள கல்லூரி என்ற கேள்விக்கே இந்தக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு காலாண்டுகள் வேலை பாதியாகக் குறைந்தாலும் கட்ட முடிகிற தொகையை முதலில் எழுதி வையுங்கள். தங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேரும்போது அதற்குக் கட்டணச் சலுகை உண்டு. கல்விக்கடன் வாங்குவதானால், படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதை வங்கியில் கேட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு வெளியே நிர்வாக ஒதுக்கீட்டில் பெருந்தொகை கொடுத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் வாங்குவதை, இப்போதுள்ள நிலையில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் எத்தனை இடங்களை வேண்டுமானாலும் நிரப்பலாம். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியையும் கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் நடத்தும் கல்லூரிகளையும் மேலே வைத்து, மகளுக்கு ஒப்புதலான மற்றப் பிரிவுகளை அவற்றின் கீழே வையுங்கள். பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒரு வேலைநாளில் மகளை அழைத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்குப் போய் வாருங்கள்: தங்களுக்கு ஜாப் ஒர்க் தரும் கம்பெனியில் பையரிடம் ஆர்டரைப் பேசி முடித்து நடத்தும் மெர்ச்சண்டைசரின் மேசை, தெரிந்த ஒருவர் மூலம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் பரிசோதனைக் கூடம். தங்கள் யூனிட்டில் சிறு வயதிலிருந்து பார்த்த ஓவர்லாக் மிஷினும் நூல் பிசிறும்தான் ஜவுளி என்று அவள் எண்ணியிருந்தால் அந்த எண்ணம் அங்கே மாறும். அதன் பிறகும் அதையே கேட்டால் மறுக்காதீர்கள்.

நறுக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வைத்திருங்கள். மகள் ஏழாம் பருவத்துக்கு வரும்போது இதே கணிப்பின் புதிய வெளியீட்டில் ஆட்சேர்ப்பு பற்றிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். வளாகத் தேர்வில் கிடைத்ததை ஏற்பதா, மேற்படிப்புக்குப் போவதா என்று அன்றைக்கு உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்