நாலு பயிர் வரும், எதைப் போடுவது?

கேள்வி: கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 3 ஏக்கர், ஒரு கிணறு. மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாலுமே எங்கள் மண்ணில் வரும். எதைப் போடலாமுங்க?

பதில்: மண்ணில் வரும் என்பது வேறு, கடைசி வரை உங்களால் காப்பாற்ற முடியும் என்பது வேறு. ஆளுக்கொன்று சொல்பவர்கள் உங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்களா?

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். நடுவது வைகாசி, ஆனியில். வெட்டுவது தை, மாசியில். நெல்லுக்குத் தண்ணீர் விடும் நன்செய் முறை வரும் வருஷம் வாய்க்காலில் ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து 120 நாள் தண்ணீர். அதற்கு முந்தைய இரண்டு, மூன்று மாதம் கிணறுதான் கதி. மறுவருஷம் உங்கள் மதகுக்குப் புன்செய் முறை, அதாவது தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர்களுக்கான முறை. தண்ணீர் ஜனவரியில்தான் வரும், அதுவும் விட்டு விட்டு. நீங்கள் மஞ்சள் வெட்ட ஆள் தேடும் நேரம் அது. வந்தும் பயனில்லை.

எனவே கிணற்றை அளந்துவிடுங்கள். வாய்க்கால் ஓடும்போது அளந்தால் ஏமாந்து போவீர்கள், கசிவில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். தண்ணீர் நின்று பதினைந்து நாள் கழித்து, சித்திரைக் கடைசியில் அளக்க வேண்டும். 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் மணிக்கு 18,000 லிட்டர். முழுக்க இறைத்துவிட்டு, மறுநாள் ஊறிய தண்ணீர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதுதான் உண்மைக் கணக்கு. வெயில் காலத்துக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர். மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடினால் 36,000 லிட்டர். சொட்டுநீர் போட்டாலும் இரண்டு ஏக்கருக்கே இழுபறி. 3 ஏக்கரும் மஞ்சள் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

பக்கத்து வயலில் நெல் என்றால் இன்னொரு தொல்லை. கசிவு நீர் தேங்கிக் கிழங்கு அழுகும். மேட்டுப்பாத்தியும், நெல் வயல் ஓரமாக ஒன்றரை அடி ஆழ வடிகாலும் இல்லாமல் விதைக்கிழங்கு வாங்கப் போகாதீர்கள்.

கரும்பை ஆலைக்குப் பதிந்துவிட்டால் வெட்டும் தேதி உங்கள் கையில் இல்லை. வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் எடை குறையும், நட்டம் உங்களுக்கு. பதியாமல் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுவதென்றால் கவுந்தப்பாடி விற்பனைக்கூடம் இருக்கிறது. ஆனால் கொட்டகைக்கும் ஆளுக்கும் முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். வாழைக்கு ஆடிக்காற்று. அந்த நேரம் தார் தொங்காதபடி நடவைத் தள்ளுங்கள், முட்டுக் கொடுக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்னையைக் கடைசியில் யோசியுங்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம். மற்ற மூன்றில் தப்பு செய்தால் அடுத்த பட்டத்தில் மாற்றலாம், தென்னையை வைத்தால் உங்கள் மகன் காலத்துக்கும் சேர்த்து நீங்களே முடிவெடுத்த மாதிரி. ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் தென்னைக்குப் போவது எங்களுக்கு உடன்பாடில்லை. காய் போடவும் ஆள்தானே வேண்டும்!

கேள்வி: மஞ்சள் வேகவைத்துக் காய்ந்துவிட்டது. இப்போதே விற்பதா, விலை ஏறும் வரை வைப்பதா?

பதில்: பங்குனிக்குள் கட்ட வேண்டிய கடன் இருந்தால், 'வைப்பது' வெறும் பேச்சுதான். கடனுக்கு எத்தனை குவிண்டால் போகும் என்று இன்றைய விலையில் கணக்குப் போட்டு அதை விற்றுவிடுங்கள். மீதிதான் நீங்கள் யோசிக்க வேண்டிய சரக்கு. அதை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் இருப்பு வைத்தால் அந்தச் சரக்கையே அடகாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் கேட்கலாம். வைக்கும் முன் விரலி மஞ்சள் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மூட்டை பிடிக்காமல் களத்தில் திரும்பப் பரப்புங்கள்.