முதல் நாள் 33, நான்காம் நாள் 34: எந்த அளவை நம்புவது?

கேள்வி: என் மகளுக்கு 39 வாரத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. பிறந்த அன்று தலைச் சுற்றளவு 33 செ.மீ. என்று அட்டையில் எழுதினார்கள். நாலாம் நாள் செவிலியர் அளந்தபோது 34. எடையோ 3 கிலோவிலிருந்து 2.800 ஆகிவிட்டது. பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் அம்மா, இரண்டு அளவுமே சரியாக இருக்கலாம். பிரசவத்தில் மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருங்கும். சில நாளில் விலகிவிடும். முதல் நாள் அளவோடு விடாமல் மறுபடி அளப்பது இதற்காகத்தான். உலக சுகாதார நிறுவன அட்டவணையில் பிறந்த பெண் குழந்தைக்கு நடு அளவு 33.9, ஆணுக்கு 34.5. பெண்ணுக்கு 31.5-க்கும் ஆணுக்கு 31.9-க்கும் கீழே போனால்தான் தலை சிறியதோ என்று பார்ப்போம்.

தையற்கடை இஞ்ச் டேப் நாளாக நாளாக இழுபடும், அதில் அளக்காதீர்கள். இழுபடாத டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் நன்றாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்ற வேண்டும். டேப் பிடரிப் பக்கம் கொஞ்சம் இறங்கினாலே அளவு குறைந்துவிடும். எண்ணெய்த் தலையில் இது சுலபமாக நடக்கும். மூன்று முறை அளந்து பெரியதை எழுதுங்கள். குளிப்பாட்டும்போது தலையை அழுத்தி உருட்ட வேண்டாம், உருவம் தானாகவே வரும்.

எடையில் 200 கிராம் குறைந்தது ஏழு சதவீதத்துக்குள்தான். பத்தைத் தாண்டினால், அதாவது 300 கிராமுக்கு மேல் இறங்கினால், டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சேனையும் (பிறந்ததும் நாக்கில் வைக்கும் இனிப்பு) சீனித்தண்ணியும் கூடவே கூடாது.

கேள்வி: பிரசவப் பதிவேட்டிலிருந்து சராசரி எடுத்து, நம் ஊர்க் குழந்தைகளுக்கென்று அளவு அட்டவணை போடலாமா?
- நர்சிங் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அந்தச் சராசரி போதாது. ரத்தசோகை, சர்க்கரை உள்ள தாய்மாரின் பிள்ளைகளும் குறைமாதப் பிள்ளைகளும் அதில் கலந்திருப்பார்கள். பிள்ளைகள் எப்படிப் பிறக்கிறார்கள் என்பதை அது காட்டும். எப்படிப் பிறக்க வேண்டும் என்பதைக் காட்டாது. 2006-இல் வந்த உலக சுகாதார நிறுவன அட்டவணைக்கு டெல்லி உட்பட ஆறு நாடுகளின் ஊர்களில் ஆரோக்கியமான சூழலில் வளர்ந்த குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். இன்னொன்று: உங்கள் பதிவேட்டில் 2.500, 3.000 என்ற எடைகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மீறி வந்தால், யாரோ முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறார்கள்.

செய்வதானால், ஆரம்ப ஸ்கேனில் கர்ப்ப வாரம் உறுதியான பிள்ளைகளை மட்டும் சேர்த்து, ஆண், பெண், வாரம் என்று பிரியுங்கள். தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைத் தினமும் சோதியுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் இருவர் அளக்க வேண்டும். தலையில் 5 மி.மீ., நீளத்தில் 7 மி.மீ. என்ற அளவைத் தாண்டி வித்தியாசம் வந்தால், இருவருமே மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: தூக்கத்தில் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வருகிறதே?
- ஒரு தந்தை, களக்காடு

பதில்: ஐந்து, பத்து விநாடி நின்று தொடர்வது பச்சைப்பிள்ளைக்கு இயல்பு. அதனால் மூச்சை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் தப்பாகும். முழு நிமிடம் எண்ணுங்கள். 30 முதல் 60-க்குள் இருக்கலாம். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் அமைதியாக இருக்கும்போது மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டாலும், விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், உதடு நீலமானாலும், மூச்சு 20 விநாடி நின்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.