போன் இருக்குற காலத்துல ரோமியோ ஏன் சாகணும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, பழைய சோக நாடகங்கள இந்தக் காலத்துக்கு மாத்தி எடுத்த படங்கள்ல சிலத ஷேக்ஸ்பியரே பாத்தா எழுந்து நின்னு கை தட்டுவாருன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், தபால்பெட்டி நிறைஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவ முழுக்க அந்தக் கேள்விங்கதான், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கே: அண்ணா, நான் ஆங்கில இலக்கியம் ரெண்டாவது வருஷம். ரோமியோ ஜூலியட்ல கடைசில ரெண்டு பேரும் சாகுறதுக்கு காரணமே, ஜூலியட் நிஜமா சாகலன்னு ரோமியோவுக்கு சொல்ற ஒரு லெட்டர் போய்ச் சேராததுதான். இப்ப ஒரு வாய்ஸ் நோட் போட்டா கதை முடிஞ்சிருச்சே, அப்புறம் எப்படி இத மாடர்னா எடுப்பாங்க? (திருச்சி மாணவி)

ப: தங்கச்சி, இந்த ஜானர்ல கை வைக்கிற எல்லா டைரக்டரும் முதல்ல முட்டிக்கிற சுவரே இதுதான். நாடகத்துல லெட்டர் கொண்டு போற சாமியார, கொள்ளைநோய் வந்த வீட்டுல இருந்திருப்பாரோன்னு சந்தேகப்பட்டு உள்ள வச்சு கதவ சீல் வச்சிடுவாங்க. 1996ல பாஸ் லுர்மன் எடுத்த படத்துல அது கூரியரா மாறிடுச்சு, ரோமியோவா நடிச்ச டிகாப்ரியோ பாலைவனத்துல ஒரு டிரெய்லர் வண்டில ஒளிஞ்சு கெடக்கான், கூரியர்காரர் வந்து தட்டுறாரு, ஆளக் காணோம், ஒரு சீட்ட விட்டுட்டு போயிடுறாரு. நம்ம வீட்டுக் கதவுல நாமளே பாத்த சீட்டுதான், அதுல ரெண்டு உயிர் போகும்னு யார் நினைச்சா?

ஆனா அது 1996. இன்னிக்கு கூரியரும் பத்தாது. அதனால கெட்டிக்கார டைரக்டர் யாருன்னா, போன ஒளிச்சு வைக்கிறவன் இல்ல, போன் இருந்தும் பிரயோஜனம் இல்லாத ஒரு இடத்த கண்டுபிடிக்கிறவன்தான். போலீஸ்ல சொல்லலாம்ல, கோர்ட்டுக்கு போகலாம்ல, ஊர விட்டே போயிடலாம்லன்னு படம் பாக்குறவன் கேக்கவே கூடாது, கேட்டுட்டான்னா டிராஜடி செத்துப்போச்சு. ஹிந்தி டைரக்டர் விஷால் பரத்வாஜ் மெக்பெத்த ‘மக்பூல்’ (2003)னு எடுக்க மும்பை தாதாக்கள் உலகத்துக்கு போனதும், ஹேம்லெட்ட ‘ஹைதர்’ (2014)னு எடுக்க 1995 காஷ்மீருக்கு போனதும் இதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். ரெண்டுமே, ஆள் காணாம போனா எங்க போய் கேக்குறதுன்னே தெரியாத இடம்.

கே: ஐயா, உடையை மாற்றி, வாளுக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் நவீனமாகிவிடுமா? இது சோம்பேறித்தனம் இல்லையா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேலம்)

ப: பாதி ஒத்துக்குறேன் ஐயா. நான் மேல சொன்ன அதே படத்துல துப்பாக்கி மேல கம்பெனி பேரே ‘வாள்’னு பொறிச்சிருக்கும், ஏன்னா வசனம் முழுக்க பழைய வசனம், அதுல வாள் வாள்னுதான் வரும். குறும்புதான், ரசிச்சேன், ஆனா அது குறும்போட நின்னுடுது.

இதோட ‘ஓம்காரா’வ (2006) வச்சு பாருங்க. ஒத்தெல்லோ நாடகத்துல ஒரு கைக்குட்டைய வச்சு பொண்டாட்டிய சந்தேகப்படுவான், இன்னிக்கு ஒரு கர்ச்சீஃபுக்காக கொலையான்னு சிரிச்சிடுவோம். விஷால் பரத்வாஜ் அத ஒட்டியாணமா மாத்திட்டாரு. யோசிச்சு பாருங்க ஐயா, குடும்பத்துல வழிவழியா வந்த ஒட்டியாணம், பொண்ணு இடுப்புல இருக்க வேண்டியது வேற ஒருத்தன் வீட்டுல கெடக்குதுன்னா அதுக்கு மேல சாட்சி வேணுமா, எந்த ஊர்லயும் வேணாம். அந்த ஒரு மாத்தத்துல சந்தேகம், மானம், நகை, உடம்பு எல்லாம் ஒண்ணா வந்து உக்காந்துடுச்சு. நாடகத்துல ஒத்தெல்லோ வெனிஸ் நகரத்துக்கு தளபதியா இருக்குற கறுப்பன், அந்தத் தோல் நிறம் அங்க பிறப்பா மாறுது, அம்மா கீழ்ச்சாதிங்கறதால ஹீரோவ பாதி பிராமணன்னு சொல்லி குத்துவாங்க.

காலத்த விட இடத்த மாத்துன படம்னா ஜெயராஜோட ‘களியாட்டம்’ (1997), மலையாளம், அதே ஒத்தெல்லோ. ஹீரோ தெய்யம்ங்கற கேரளா சாமியாட்டம் ஆடுறவன். வேஷம் கட்டிட்டா சாமி, ஊரே கும்பிட்டு நிக்கும், வேஷத்த கழட்டிட்டா அம்மைத் தழும்பு முகத்தோட ஒரு தாழ்ந்த சாதிக்காரன், அவனுக்கு பொண்ணு குடுக்க மட்டும் மனசு வராது. வெனிஸ்காரங்களும் இதைத்தான பண்ணாங்க, சண்டைக்கு தளபதி வேணும், மருமகன் வேணாம். சுரேஷ் கோபிக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்த படம் அது. இத எழுதுன ஆள சோம்பேறின்னு சொன்னா நான் சண்டைக்கு வருவேன் ஐயா.

கே: மெக்பெத்ல மூணு சூனியக்காரிங்க, ஹேம்லெட்ல அப்பாவோட ஆவி. ஐடி ஆபீஸ் காலத்துல இதெல்லாம் காமெடி ஆயிடாதா ப்ரோ? (கோவை வாசகர்)

ப: ஆயிடும் ப்ரோ, ஜாக்கிரதையா இல்லன்னா. ‘மக்பூல்’ல சூனியக்காரிங்களுக்கு பதிலா ரெண்டு ஊழல் போலீஸ்காரங்க, ஓம் பூரியும் நஸீருத்தீன் ஷாவும், ஜாதகக் கட்டம் போட்டு எதிர்காலம் சொல்லுவாங்க, கூடவே அந்த எதிர்காலம் நடக்குறதுக்கு உண்டான வேலையையும் அவங்களே பாப்பாங்க. விதின்னு ஒண்ணு தனியா வேணாம், காக்கிச் சட்டையே போதும்னு சொல்லாம சொல்லிட்டாரு. நாடகத்துல காடு நடந்து வந்தாதான் உனக்கு சாவுன்னு மெக்பெத்துக்கு சொல்ற இடத்துல, கடல் உன் வீட்டுக்குள்ள வந்தாதான்னு மாத்திருப்பாங்க, மும்பைக்கு அதுதானே பொருத்தம்.

‘ஹைதர்’ல ஆவி வேற மாதிரி. காணாம போன அப்பாவோட ஒரே சிறையில கெடந்த ஒரு ஆள், நடிகர் இர்ஃபான் கான், வந்து அவர் சொல்லச் சொன்னத சொல்றாரு. இருக்காரா இல்லையான்னே சந்தேகப்படுற மாதிரிதான் நடந்து வருவாரு. அம்மா மறுகல்யாணம் விஷயமும் அப்படித்தான், நாடகத்துல புருஷன் செத்த ஒரே மாசத்துல கொழுந்தன கட்டிக்கிட்டாளேன்னு மகன் கொதிப்பான், காஷ்மீர்லயோ அந்தம்மா ‘அரை விதவை’, அதாவது புருஷன் உயிரோட இருக்கானான்னே தெரியாது. அந்த நிலைமையில தாலி யாரு கட்டுனாலும் கேள்விதான். தபு அந்த அம்மா ரோல்ல மகனையே ஓரமா தள்ளிட்டாங்க, என் கணக்குல அது அம்மா படம்.

கே: வெளிநாட்டுல ஹேம்லெட்ட கம்பெனி முதலாளி கதையா எடுத்தாங்களே, பாத்தீங்களா? எனக்கு தூக்கம் வந்துடுச்சு. (சென்னை, 34 வயசு)

ப: 2000ல வந்த ஈதன் ஹாக் படம். நாடகத்துல ஹேம்லெட் டென்மார்க் இளவரசன், இங்க டென்மார்க்ங்கறது நாடு இல்ல, நியூயார்க்ல ஒரு கார்ப்பரேட் கம்பெனி. அப்பா ஆவி பெப்சி மெஷின்கிட்ட போய் மறையும். வாழுறதா சாகுறதான்னு வர்ற அந்த உலகப் புகழ் வசனத்த வீடியோ கேசட் கடைல, ஆக்‌ஷன் படங்க அடுக்கி வச்சிருக்குற வரிசையில நடந்துக்கிட்டே பேசுவாரு, செயல்ல இறங்கவே முடியாதவன சுத்தி முழுக்க ஆக்‌ஷன், நல்ல நக்கல். ஆனா எனக்கும் பாதிக்கு மேல கொஞ்சம் கண்ண சொருகிச்சு, ஒரு சேர்மன் சீட்டுக்கு ராஜசிம்மாசனத்தோட பயம் வர மாட்டேங்குது, வேலைய விட்டுட்டு போடான்னு சொல்லத் தோணுது. இன்னொரு கொடுமை, அந்த மாதிரி கேசட் கடையே இப்ப அநேகமா இல்ல. அப்ப அது மாடர்ன் படம், இப்ப அதுவே சரித்திரப் படம். 400 வருஷ வசனம் அப்படியே இருக்கு, 2000ஆம் வருஷம்தான் பழசாப் போச்சு.

கே: முடிவ மாத்துறது துரோகம் இல்லையா? ஹைதர்ல பழி வாங்காமலேயே விட்டுட்டு போறான்! (புதுச்சேரி)

ப: முடிவ மாத்துறது சினிமாக்காரன் கண்டுபிடிச்சது இல்லைங்க. 1681லயே நாஹம் டேட்ங்கறவரு லியர் ராஜா கதையில கடைசிப் பொண்ண பொழைக்க வச்சு கல்யாணமும் பண்ணி வச்சாரு, 1838 வரைக்கும் மேடையில பெரும்பாலும் அந்த சுப முடிவுதான் ஓடுச்சு. கேரிக்னு ஒரு பெரிய நடிகர் 1748ல ரோமியோ சாகுறதுக்கு முன்னாடியே ஜூலியட்ட எழுப்பி ரெண்டு பேரையும் பேச வச்சாரு, 1996 படத்துலயும் விஷம் குடிக்கிற நேரத்துல அவ கண்ண முழிக்கிறா. ஓம்காரால வில்லனோட பொண்டாட்டியே அவன அரிவாளால வெட்டிடுவா, நாடகத்துல வில்லன்தான் தன் பொண்டாட்டிய கொல்லுவான். எனக்கு அது மூலத்த விட நியாயமாப் படுது, திட்டுறவங்க திட்டுங்க.

கே: தமிழ்ல ஏன் இப்படி ஒண்ணும் வரல? (ஈரோடு)

ப: மேடையில வந்துச்சு. 1891ல சுகுண விலாச சபாவ ஆரம்பிச்ச பம்மல் சம்பந்த முதலியார் ஹேம்லெட்ட ‘அமலாதித்யன்’னு நம்மூர் ராஜகுமாரனா மாத்தினாரு. சினிமாவுல ‘இரத்தத் திலகம்’, ‘சொர்க்கம்’னு படத்துக்குள்ள ஒரு சீனா சிவாஜி ஒத்தெல்லோவாவும் சீசராவும் வந்துட்டு போனாரு. முழுப்படமா மனசுல நிக்கிறது எனக்கு எதுவும் இல்ல. கதைக்கா பஞ்சம், பங்காளித் தகராறு இல்லாத ஊரு எது?

கே: கிரேக்க நாடகம்? (ஒரே வார்த்தையில் ஒரு கார்டு, ஊர் பேர் இல்லை)

ப: ‘ஆண்டிகனி’, 2019, கனடா, டைரக்டர் சோஃபி டெராஸ்ப். அகதியா வந்த குடும்பம், ஒரு அண்ணன் போலீஸ் சுட்டு செத்துடுறான், இன்னொருத்தன நாடு கடத்தப் போறாங்க, தங்கச்சி வேஷம் மாத்தி அவனுக்கு பதிலா ஜெயிலுக்குள்ள போயிடுறா. பழைய கிரேக்க நாடகத்துல கோரஸ்னு ஒரு கூட்டம் நின்னு கருத்து சொல்லிட்டே இருக்கும்ல, அந்த இடத்துல இங்க சோஷியல் மீடியா. ரொம்ப சரியான மாத்தம், ரெண்டுமே எதுக்கும் உதவாது.

கே: ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் சேர்ந்து பாக்க ஒரே ஒரு படம் சொல்லுங்க சார். (மதுரை)

ப: ‘ஜோஜி’ (2021), ஃபகத் ஃபாசில், மெக்பெத் சாயல்ல கேரளா எஸ்டேட் வீட்டுக் கதை. சூனியக்காரியும் இல்ல, ராஜாவும் இல்ல, சொத்த விடாத ஒரு அப்பா, பொறுமையில்லாத ஒரு கடைசி மகன். சாவு வீட்டுல அவன் முகத்துல துக்கமே இல்லன்னு பாத்துட்டு அண்ணி மெதுவா வந்து, மாஸ்க் போட்டுட்டு வாடான்னு சொல்ற இடம் இருக்கு பாருங்க, பொய் முகம் போட்டு மனச மறைக்கணும்னு மெக்பெத் பேசுற வசனத்த கொரோனா மாஸ்க்ல கொண்டு வந்து முடிச்சிட்டாங்க. ஒண்ணு மட்டும், அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வைக்கிறது உங்க வேலைன்னா அவர் பக்கத்துல உக்காந்து பாக்காதீங்க.