ராஜா வராமல் வரிசையைக் காலி பண்ணாதீர்கள்: சாலிட்டேர் கேள்வி பதில்

குழித்துறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலத்தில், மவுஸ் பிடிக்கக் கை நடுங்கும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் திறந்து கொடுத்தது, ஒற்றை ஆள் ஆடும் சீட்டாட்டமான சாலிட்டேர்தான். சென்டரை மூடி வருஷமாகிறது, ஆட்டத்தை விடவில்லை. வாசகசாலைப் பெட்டியில் போட்டிருந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அருமனை, கல்லூரி மாணவி: பத்து ஆட்டத்தில் ஒன்றுகூட முடியவில்லை மாமா. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

முதலில் கணக்கைப் பார் மகளே. ஏழு வரிசையில் 28 சீட்டு, கையில் 24. வரிசையில் இருப்பதில் 21 சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது. ஏஸ் தொடங்கி இனவாரியாக மேலே ஏற்றுவதுதான் ஆட்டம் என்று நினைக்கிறாய். ஆட்டமே அந்த 21-ஐத் திறப்பதில்தான் இருக்கிறது.

ஒரு கிளாவர் எட்டு திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள். மூன்றாவது வரிசையில் ஆர்ட்டின் ஏழு, ஏழாவது வரிசையில் டைமன் ஏழு. இரண்டும் சிவப்பு, அதனால் எது வேண்டுமானாலும் கறுப்பு எட்டின்மேல் போகும். நீ பக்கத்தில் இருப்பதை எடுப்பாய். மூன்றாவதில் கவிழ்ந்தது இரண்டே சீட்டு, ஏழாவதில் ஆறு. ஆறு கிடக்கும் இடத்திலிருந்து எடு. கையில் இருக்கும் கட்டிலிருந்தும் ஒரு ஏழு வந்தால் அதைத் தொடாதே. கட்டுச் சீட்டு அடுத்த சுற்றிலும் வரும், கவிழ்ந்த சீட்டு தானாகத் திரும்பாது.

அப்புறம், காலி வரிசையில் ராஜாவை மட்டும்தான் வைக்க முடியும். வைக்க ராஜா தயாராக இல்லாமல் வரிசையைக் காலி பண்ணினால் ஓர் இடம் சும்மா கிடக்கும். இரண்டு ராஜா இருந்தால் அவசரப்படாதே. வெளியே கிடக்கும் ராணி எந்த நிறம் என்று பார்த்துவிட்டு, எதிர் நிற ராஜாவை இறக்கு.

நித்திரவிளை: இரண்டும் மூன்றும் வந்ததும் உடனே மேலே ஏற்றிவிடலாமா?

ஏஸையும் இரண்டையும் யோசிக்காமல் ஏற்றுங்கள். மூன்றிலிருந்து யோசியுங்கள். மேலே போன கறுப்பு ஐந்தின்மேல் சிவப்பு நாலை வைக்க முடியாது. திருப்பி இறக்கலாம், ஆனால் பழைய விண்டோஸ் கணக்கில் ஏற்றினால் 10 பாயின்ட், இறக்கினால் 15 போய்விடும்.

படந்தாலுமூடு: காலி வரிசை கிடைத்தால் நல்லதுதானே?

மேலே அருமனைப் பிள்ளைக்குச் சொன்னதுதான். ராஜா இருந்தால் நல்லது.

மேல்புறம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒவ்வொரு சீட்டாக எடுத்தால் ஜெயிக்கிறேன். மூன்று மூன்றாக எடுக்கும் ஆட்டத்தில் சிக்கிக்கொள்கிறேன். உபாயம் உண்டா?

உண்டு சார், நல்ல கேள்வி. 24 சீட்டில் எதையும் எடுக்காமல் ஒரு சுற்றுப் போனால் 3, 6, 9 என்று 24 வரை எட்டுச் சீட்டுதான் முகம் காட்டும். இப்போது மூன்றாவது சீட்டை மட்டும் எடுத்து ஆடிவிடுங்கள். அடுத்த சுற்றில் முகம் காட்டுவது 4, 7, 10, 13 என்று மாறிவிடும். ஒரு சீட்டை எடுத்ததும் பின்னால் இருப்பவை எல்லாம் ஓர் இடம் நகர்கின்றன. தொடக்கத்திலேயே மூன்று சீட்டை எடுத்தால் மற்றவை பழைய தாளத்துக்கே திரும்பும். அதனால் முதல் சுற்றை ஆடாமல் பார்த்துக்கொண்டே போங்கள். வேண்டிய ஏஸ் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதற்கு முன்னால் எத்தனை எடுத்தால் அது மேலே வரும் என்று கணக்குப் போடுங்கள். கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

களியக்காவிளை: எங்கள் 28 என்ற சீட்டாட்டத்தில் குலான் என்கிற ஜாக்கிதான் பெரிசு, அப்புறம் ஒன்பது. இதில் ஏஸ் அடியில், ராஜா உச்சியில். குழம்புகிறதே.

குழம்பத்தான் செய்யும். 28-ல் ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று எண்ணியே வளர்ந்தவர்கள் நாம். இங்கே துருப்பும் கிடையாது, எதிரே கண் காட்டக் கூட்டாளியும் கிடையாது. ஏஸ் என்றால் ஒன்று, அவ்வளவுதான்.

பாறசாலை: ஆடியதைத் திருப்பி எடுக்கும் அண்டூ போட்டு ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா? ஓணத்துக்கு 28 ஆடும்போது போட்ட சீட்டை எடுத்தால் எங்கள் வீட்டில் எழுப்பி விட்டுவிடுவார்கள்.

அண்ணே, 28-ல் நீங்கள் சீட்டைத் திரும்ப எடுத்தால் மற்ற மூன்று பேரை ஏமாற்றுகிறீர்கள். இங்கே யாரை?

(பாறசாலை மறுபடியும்: தன்னையே ஏமாற்றுவது அதைவிடக் கேவலம். கூடவே கொல்லங்கோடு அக்காவின் சீட்டு: அண்டூ இல்லாவிட்டால் நான் ஆடவே மாட்டேன், கண்ணாடி போடாமல் தப்பான சீட்டைத் தொட்டுவிடுகிறேன். மேல்புறம் சாரும் சேர்ந்துகொண்டார்: கை தவறியது வேறு, புத்தி தவறியது வேறு.)

எல்லாரும் ஒரே சாக்கில் கட்டுகிறீர்கள். கவிழ்ந்த சீட்டைத் திறந்து பார்த்து, பிடிக்காமல் அண்டூ போட்டு, வேறு வரிசையைத் திறந்தால் அது ஒளிந்து பார்ப்பது. பாறசாலை அண்ணன் சொல்வது அங்கே சரி. ஃப்ரீசெல் என்ற இன்னொரு வகை சாலிட்டேரில் 52 சீட்டும் முதலிலேயே மலர்ந்து கிடக்கிறது. அங்கே அண்டூ என்பது மனசுக்குள் யோசிப்பதைத் திரையில் யோசிப்பது, அவ்வளவுதான். அக்கா கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

நம் சாதா சாலிட்டேரிலோ, எல்லாச் சீட்டும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே மூன்று மூன்றாக எடுத்து ஆடினால்கூட நூற்றுக்குச் சுமார் 82 ஆட்டம்தான் முடியும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, தோற்பதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டாம். பாறசாலையிலிருந்து இன்னும் இரண்டு சீட்டு வந்திருக்கிறது. அதை நேரில் டீக்கடையில் வைத்துக்கொள்வோம்.

குழித்துறை: காலி வரிசையில் சின்னச் சீட்டை ஏன் வைக்க விடமாட்டேன் என்கிறது?

ராஜா. ராஜா. ராஜா. ஃப்ரீசெல்லிலும் ஸ்பைடர் என்ற வகையிலும் எதையும் வைக்கலாம், இதில் முடியாது.

கொல்லங்கோடு: ஸ்பைடர்?

ஒரே இனத்தில் தொடங்குங்கள். பத்து வரிசை, 104 சீட்டு. புதிதாகப் பத்துச் சீட்டு இறக்கும் முன் நகர்த்த முடிந்ததை எல்லாம் நகர்த்திவிடுங்கள். மற்றதை இன்னொரு நாள் பார்ப்போம்.

மார்த்தாண்டம்: பணம் வைத்து ஆடும் ஆப் எது நல்லது?

ஆள் மாறி வந்துவிட்டீர்கள்.

படந்தாலுமூடு, பள்ளி மாணவன்: இதைக் கம்ப்யூட்டரில் போட்டது யார்?

1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்தது. எழுதியவர் வெஸ் செர்ரி, அப்போது மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த பையன். சீட்டுகளின் படம் சூசன் கேர் போட்டது. ஃப்ரீசெல்லை 1978-ல் பால் ஆல்ஃபில், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கம்ப்யூட்டருக்காக எழுதினார். தம்பி, பரீட்சை முடிந்த பிறகு ஆடு.

மேல்புறம் சார்: ஃப்ரீசெல்லில் ஒரே சமயத்தில் எத்தனை சீட்டு நகரும்?

சீட்டை ஒதுக்கி வைக்கும் நாலு அறையில் காலியானவற்றோடு ஒன்று கூட்டுங்கள். நாலும் காலியென்றால் ஐந்து சீட்டு. ஒரு வரிசையும் காலியாக இருந்தால் அதன் இரட்டிப்பு, பத்து. அந்தக் காலி வரிசைக்கே நகர்த்தினால் இரட்டிப்பு கிடையாது. அறைகளை நிரப்பிவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம்.

பாறசாலை: அண்டூ இல்லாமல்தான் ஆடுவேன் என்று சபதம் போட்டேன். பழைய கம்ப்யூட்டரில் ஃப்ரீசெல் 11982-ஐ மூன்று நாளாக ஆடுகிறேன். ஒரு குறிப்பாவது கொடுங்கள்.

அண்ணே, அதில் எண் போட்டு வைத்த 32,000 ஆட்டத்தில் முடியவே முடியாதது அது ஒன்றுதான். 11983 ஆடுங்கள். டீ என் கணக்கில்.