பிரேக் மிதித்தால் வண்டி உதறுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

ஈரோட்டில் இருபத்து மூன்று வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பிரேக் வேலைதான் அதிகம். கேட்பவர்கள் மூன்று விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: எந்த வேகத்தில் உதறுகிறது, கையில் தெரிகிறதா சீட்டில் தெரிகிறதா, கடைசியாக வீலைக் கழற்றியது எப்போது. பாதி பதில் அதிலேயே இருக்கும்.

கேள்வி: அண்ணே, பெட்ரோல் ஹேட்ச்பேக், 62,000 கி.மீ. ஓடியிருக்கு. 80-க்கு மேல போறப்ப பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் கையில உதறுது. 40-க்குக் கீழ ஒண்ணும் தெரியல. டிஸ்க் பெண்டுன்னு சொல்லி முன்னாடி ரெண்டு டிஸ்க்கையும் மாத்தினாங்க. 4,000 கி.மீ. நல்லா இருந்துச்சு. இப்ப மறுபடி ஆரம்பிச்சிருச்சு.

தம்பி, அந்த 4,000 கி.மீ.தான் துப்பு. டிஸ்க் மாட்டிய அன்றே உதறியிருந்தால் வேறு கதை. நன்றாக ஓடிவிட்டுப் பிறகு ஆரம்பித்தால், டிஸ்க் உட்காரும் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுத் தட்டைச் சந்தேகப்படுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கழற்றினால் ஹப் முகத்தில் துரு படிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால், எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு துருச் செதில் டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைத்துவிடும். ஹப்பில் இருக்கும் கோணல் டிஸ்க் ஓரத்துக்கு வரும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதனால் பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டையில், உரசிக்கொண்டே போகும். மூவாயிரம், நாலாயிரம் கி.மீ. இப்படி உரசினால் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே கை உணரும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை அது! 80 கி.மீ. வேகத்தில் சின்ன கார் சக்கரம் நொடிக்குச் சுமார் 12 தடவை சுற்றுகிறது. 12 தடவையும் பேட் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குவதைத்தான் உதறல் என்கிறோம்.

செய்யவேண்டியது: டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள வளையத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு டிஸ்க்கை மாட்டி, நட்டுகளை முடுக்கி, டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களுக்கு ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதிகம் காட்டினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளக்கவேண்டும். அளந்து எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: சார், சூட்டுல டிஸ்க் வளைஞ்சிடும்னுதானே எல்லா மெக்கானிக்கும் சொல்றாங்க? எல்லாருமே தப்பா சொல்றாங்களா?

வளையவே வளையாது என்று சொல்லவில்லை. ஆனால் "பெண்டு" என்று சொல்லி என் கைக்கு வந்த டிஸ்க்குகளை அளந்தால், பெரும்பாலானவற்றில் தடிமன் வித்தியாசம்தான் இருக்கிறது, அல்லது பேடின் பூச்சு திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. காரணம் எதுவானால் என்ன என்று நினைக்காதீர்கள். "பெண்டு" என்று முடிவுகட்டினால் டிஸ்க்கை மட்டும் மாற்றுவார்கள், ஹப்பில் துரு அப்படியே இருக்கும். மேலே கேட்ட தம்பிக்கு நடந்தது அதுதான். அளக்காமல் டிஸ்க் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஸ்டீயரிங்ல ஒண்ணும் இல்லீங்க. சீட்டுக்கு அடியில திம் திம்னு அடிக்குது, பெடலும் காலைத் தள்ளுற மாதிரி இருக்கு. கோயம்புத்தூர், பின்னாடி டிரம் பிரேக்.

அப்படியானால் பின்பக்க டிரம்மைத்தான் முதலில் பார்க்கணும், தங்கச்சி. வண்டி நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் போய், ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே லிவரை மெதுவாக இழுங்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் மட்டுமே பிடிக்கும். அதே திம் திம் வந்தால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. பட்டனை விட்டுவிடாதீர்கள், லிவர் பூட்டிக்கொண்டால் பின் சக்கரம் வழுக்கும். சுவிட்ச் வைத்த எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம்.

டிரம்மை லேத்தில் கடைசல் பிடிக்கலாம். எவ்வளவு விட்டம்வரை கடையலாம் என்று டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் புதுசுதான்.

கேள்வி: கொல்லிமலை போயிட்டு இறங்குறப்ப பாதி மலையிலயே கருகின வாசனை, அப்புறம் உதறல். கீழே வந்ததும் சக்கரத்துல தண்ணி ஊத்தினோம். அன்னிலிருந்து உதறல் போகவே இல்ல.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அத்தனையையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எந்த வண்டியும் தாங்காது. இது உயிர் விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இரண்டாவது அல்லது முதல். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கைச் சுட்டுப் பழுக்க வைக்கிறது. கருகல் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் போட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்தபடி நின்றால் பேடின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும். தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் வெடிப்புக்கூட விடும்.

இப்போது டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள். நீலம் பாய்ந்த திட்டுகளோ முடி போன்ற வெடிப்புகளோ இருந்தால் மாற்றிவிடுங்கள், கடைசல் வேண்டாம். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். புது டாட் 3 ரக பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். மலை இறக்கத்தில் அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: பிரேக் பிடிக்காமலே 90-ல ஸ்டீயரிங் ஆடுது. 110 போனா நின்னுடுது.

இது பிரேக் அல்ல. வீல் பேலன்சிங் பாருங்கள், கூடவே ரிம் நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மழையில திடீர்னு மிதிச்சா பெடல் கடகடன்னு அடிக்குது. பயமா இருக்கு.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது. பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்திப் பிடியுங்கள். சாதாரணமாக, மெதுவாக மிதிக்கும்போதும் அடித்தால் மட்டும் வண்டியைக் காட்டுங்கள்.

கேள்வி: ஐயா, டிஸ்க், பேட் ரெண்டும் புதுசு, ஹப்பும் சுத்தம் பண்ணியாச்சு. உதறல் பாதிதான் குறைஞ்சிருக்கு.

இதே நிலையில் ஒரு டாக்ஸி என்னிடம் வந்தது. டிஸ்க் மாற்றினேன், பாதி குறைந்தது, பத்து நாளில் திரும்பி வந்தார். லிஃப்டில் ஏற்றி சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ்ஷில் கம்பியை விட்டு நெம்பினேன். ரப்பர் வாய் பிளந்தது, உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். டிஸ்க்கில் இருந்த சின்னக் குறையை இந்த ஆட்டம் பெரிதாக்கியிருக்கிறது. முதல் நாளே பார்த்திருக்கவேண்டியது, தவறு என்னுடையது. அவரிடம் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து சக்கரத்தின் இணைப்புகளான புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் மூன்றையும் நெம்பிப் பார்க்காமல் பிரேக்கில் கை வைப்பதில்லை.

பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பியை, அதாவது காலிப்பர் பின்னையும் பாருங்கள். கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால் ஒரு பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஓடி நிறுத்தியதும் அந்தச் சக்கரத்தருகே மட்டும் அனல் அடிக்கும்.

கேள்வி: அண்ணே, முதல்ல கேட்ட ஹேட்ச்பேக் நான்தான். அளந்து பார்த்தோம். இடது பக்கம் ஆட்டம் 0.11 இருந்துச்சு. ஹப் தேய்ச்சதும் 0.03-க்கு வந்திருச்சு. ஆனா தடிமன் எட்டு இடத்துல அளந்ததுல 0.02 வித்தியாசம் காட்டுது. மறுபடி புது டிஸ்க் வாங்கணுமா?

வாங்கவேண்டாம் தம்பி! 4,000 கி.மீ. ஓடிய டிஸ்க்கில் இன்னும் நிறைய இரும்பு இருக்கும். ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பக்கமும் லேசாக ஸ்கிம்மிங் போட, அதாவது கடைந்து சமப்படுத்தச் சொல்லுங்கள். பேட் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டட்டும். வீல் நட்டைக் கன் வைத்து முடுக்கவிடாதீர்கள், அதுவும் டிஸ்க்கைக் கோணலாக்கும். எதிரெதிர் வரிசையில் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) முடுக்கவேண்டும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், உங்கள் வண்டிக்குரிய எண் கையேட்டில் இருக்கும். பிறகு காலி ரோட்டில் 60-லிருந்து 20 வரை மிதமாகப் பத்துத் தடவை பிரேக் பிடியுங்கள், முழுசாக நிறுத்தாமல், நடுவில் கொஞ்ச தூரம் ஆற ஓட்டி. 100 கி.மீ. ஓடியபின் நட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.