பல்லிக்கு வாங்கும் சுவர்க்கோழிகள் மூன்றே நாளில் மடிவது ஏன்?

கேள்வி: என் மகன் லெபர்ட் கெக்கோ என்னும் புள்ளிப் பல்லியை வளர்க்கிறான். அதற்கு இரையாகக் கடையிலிருந்து டப்பாவில் வாங்கிவரும் உயிருள்ள சுவர்க்கோழிகளில் பாதி மூன்று நாளில் செத்து நாறுகின்றன. மிஞ்சியவை இரவெல்லாம் கத்துகின்றன. அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: வைக்கவே கூடாது, சுவர்க்கோழிகளுக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் தேவை. கடைக்காரர் தரும் டப்பா வீடு வரை கொண்டுவருவதற்கு மட்டுமே ஏற்றது. அந்த நெரிசலில் எச்சமும் ஈரமும் சேர்ந்து எழும் அமோனியாதான் அவற்றைப் பெரும்பாலும் கொல்கிறது. வாங்கிய அன்றே, வழவழப்பான சுவருள்ள உயரமான பெட்டிக்கு மாற்றி, மூடியில் உலோக வலை பொருத்துங்கள் (நைலான் வலையைக் கடித்துத் துளைத்துவிடும்). உள்ளே அட்டை முட்டைத் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தினால் எச்சம் அடியில் விழுந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மூழ்கிச் சாகும். அதற்குப் பதிலாகக் கேரட் துண்டுகளை வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். இறந்தவற்றையும் அன்றன்றே அகற்றிவிடுங்கள்.

கத்துபவை முதிர்ந்த ஆண்கள் மட்டுமே. சிறகு முளைக்காத இளம் சுவர்க்கோழிகளைக் கேட்டு வாங்கினால் வீட்டில் தூக்கமும் கெடாது, அவற்றுக்கு ஆயுளும் மிச்சமிருக்கும். பல்லியின் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிய பூச்சியை வாங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் தவறுவது இங்கேதான். சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு; அதை மட்டுமே தின்னும் பல்லிக்கு எலும்பு மென்மையாகி, தாடையும் கால்களும் வளையும் நோய் வரும். ஆகவே இரையாக இடுவதற்கு முந்தைய ஓரிரு நாள் பூச்சிகளுக்குக் கீரையும் காய்கறியும் நன்றாக ஊட்டி, கொடுக்கும் நேரத்தில் கால்சியம் தூளில் புரட்டி எடுங்கள். பட்டினி கிடந்த பூச்சியைத் தின்னும் பல்லிக்குச் சக்கையைத் தவிர அதிகம் கிடைக்காது. தின்னாமல் விட்டவற்றை உள்ளேயே விட்டுவைக்காமல் எடுத்துவிடுங்கள். அவை உறங்கும் பல்லியையே கடிக்கும்.

இவ்வளவு செய்தும் கூட்டமாக மல்லாந்து சாகுமானால், கடைகளில் பரவலாக விற்கப்படும் பழுப்பு நிற வீட்டுச் சுவர்க்கோழி இனத்தைக் கொல்லும் ஒரு வைரஸாக இருக்கலாம். 2009, 2010 ஆண்டுகளில் வட அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றை அழித்தது அதுதான். அப்போது பெட்டியை முற்றிலும் காலி செய்து கழுவி, கருஞ்சுவர்க்கோழி போன்ற வேறு இனத்துக்கு மாறுங்கள்.

குளிரில் வைக்கத் தக்கவை மாவுப்புழுக்கள். ஏறக்குறைய 8 பாகையில் வளர்ச்சி மந்தப்பட்டு அவை வாரக்கணக்கில் இருக்கும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து உணவு கொடுத்தால் போதும். சூப்பர்வோர்ம் என்று விற்கப்படும் பெரிய புழுக்களோ குளிரில் செத்துவிடும்.

கேள்வி: கோடையில் தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்து எங்கள் பியர்டட் டிராகன் என்னும் வளர்ப்பு ஓணானுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: வேண்டாம். பூச்சிமருந்து பட்டவை எவை, ஒட்டுண்ணி உள்ளவை எவை என்று பார்த்து அறிய முடியாது. எல்லாவற்றையும்விட மின்மினியிடம் எச்சரிக்கையாக இருங்கள்: வட அமெரிக்க மின்மினிகள் சிலவற்றில் தேரையின் நஞ்சை ஒத்த நஞ்சு உண்டு, ஒன்றை விழுங்கினாலே பியர்டட் டிராகன் இறந்துவிடக்கூடும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இவ்விலங்கு அதைக் கண்டு ஒதுங்கப் பழகியதில்லை. கூண்டைச் சன்னலோரம் வைப்பவர்கள் இரவில் சன்னலைச் சாத்திவையுங்கள். தப்பித்தவறி விழுங்கிவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் உடனே ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.