பைக்கில் விழுந்து மணிக்கட்டு வலிக்கிறது, எக்ஸ்ரே நார்மல். எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: பைக் சறுக்கியபோது கையை ஊன்றி விழுந்திருக்கிறீர்கள், ஐந்து நாளாகிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், வலி மட்டும் போகவில்லை. வீட்டில் ஒருவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிடலாம் என்கிறார்.

நான் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எடுக்கும் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. ஆனால் இப்படிக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருபவர்களைப் பார்ப்பதுதான் தினசரி வேலை. முதலில், யாரையும் நீவ விடாதீர்கள்.

அப்புறம், கட்டை விரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டுங்கள். விரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி இரண்டு தசைநாண்கள் புடைத்து நிற்கும், நடுவில் ஒரு குழி விழும். அந்தக் குழியை மறு கை விரலால் அழுத்துங்கள். சுள்ளென்று வலித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் சரி, ஸ்காஃபாய்டு எலும்பில் விரிசல் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்த சின்ன எலும்பு அது. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுச் சிற்றெலும்புகளில் அதிகம் உடைவது அதுதான்.

விழுந்த அன்று எடுத்த படத்தில் இந்த விரிசல் தெரியாமல் போவது சகஜம். உடைந்த இரு பாதியும் நகராமல் ஒட்டியே இருந்தால், கதிர் அந்தப் பிளவின் போக்கிலேயே போனால்தான் படத்தில் கோடு விழும். இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் தரும் சீட்டில் ‘ரிஸ்ட் ஏபி, லேட்டரல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நாங்கள் மணிக்கட்டை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம்தான் எடுப்போம். ஒன்றில் ஸ்காஃபாய்டு குறுகித் தெரியும், மற்றதில் பக்கத்து எலும்புகள் அதன் மேல் விழுந்து மறைக்கும். மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்து எடுத்தால்தான் அதன் முழு நீளமும் கிடைக்கும். உங்களுக்கு எத்தனை படம் எடுத்தார்கள் என்று பாருங்கள். இரண்டுதான் என்றால், “ஸ்காஃபாய்டு வியூ எடுக்கலாமா?” என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். (ஃபிலிமை டியூப்லைட்டில் காட்டிப் போட்டோ எடுத்து, தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பதில் பயனில்லை. மெல்லிய விரிசல் அதில் காணாமலே போய்விடும்.)

இவ்வளவு சின்ன எலும்புக்கு ஏன் இத்தனை கவலை என்றால், அதன் ரத்த ஓட்டம் அப்படி. பெரும்பகுதி ரத்தம் விரல் பக்க முனையில் நுழைந்து, முழங்கைப் பக்கம் திரும்பி வருகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு வரத்து குறைந்துவிடும். அது ஒட்டாமல் இழுத்தடிக்கலாம், செத்தும் போகலாம். சில வருடம் கழித்து மணிக்கட்டுத் தேய்மானமாக வந்து நிற்கும். அதனால்தான் குழியில் வலி இருந்தால் படம் நார்மலாக இருந்தாலும் மாவுக்கட்டோ ஸ்பிளிண்டோ போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் உடைந்த ஓரங்களில் எலும்பு கொஞ்சம் கரைந்து, கோடு அகலமாகத் தெரியும்.

மறுபடி எக்ஸ்ரேயா என்று கதிருக்குப் பயப்பட வேண்டாம். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் படுவது சுமார் 0.001 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). இயற்கையாகவே நம் மேல் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் படுகிறது. கணக்குப் போட்டால் சில மணி நேரத்து அளவுதான்.

சரி, எம்ஆர்ஐ? அந்தக் குழியில் வலி இருந்தால் அது வீண் செலவு இல்லை. விரிசல் விழுந்தால் எலும்பு மஜ்ஜையில் கோத்துக்கொள்ளும் நீரை அது முதல் சில நாட்களிலேயே காட்டிவிடும். டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஸ்காஃபாய்டு சந்தேகம் என்றால் எம்ஆர்ஐயையே முதல் படமாக யோசிக்கலாம் என்கிறது. டிரைவர், தையல்காரர் போலக் கையை நம்பிப் பிழைப்பவர் என்றால், இரண்டு வாரம் கட்டோடு உட்காருவதைவிட எடுத்துப் பார்ப்பது மேல். அவசரமில்லை என்றால் கட்டோடு காத்திருப்பதிலும் தப்பில்லை. உடைந்தது உறுதியான பிறகு, எவ்வளவு விலகியிருக்கிறது, ஒட்டிவிட்டதா என்று பார்க்க சிடி ஸ்கேன் உதவும்.

அதற்காக எல்லா அடிக்கும் எம்ஆர்ஐ என்று ஓட வேண்டாம். 50 வயதைத் தாண்டியவர்களின் முழங்காலில் ‘ஜவ்வு கிழிசல்’ என்று ரிப்போர்ட் வருவது ரொம்ப சாதாரணம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், மெனிஸ்கஸ் (முழங்கால் மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் அந்த ஜவ்வு) கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை. அப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நேராக ஆபரேஷன் தேதி கேட்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அது இந்த அடியில் வந்ததா, முன்பே இருந்ததா என்று டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முள்ளோ மரச்சிராயோ உள்ளே தங்கிவிட்டது என்றால் அல்ட்ராசவுண்டுதான் சரி, எக்ஸ்ரேயில் அவை பெரும்பாலும் தெரியாது. கண்ணாடித் துண்டு தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது நன்றாகவே தெரியும்.

எம்ஆர்ஐ எடுப்பதென்று முடிவானால், பேஸ்மேக்கரோ பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப், பிளேட்டோ இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாயத்து, அரைஞாண், தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஊக்கை எல்லாரும் மறக்கிறார்கள், காந்தம் மறக்காது. பல இடங்களில் மணிக்கட்டுக்குக் குப்புறப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்வார்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம், தோள் கடுக்கும். தோளில் ஏற்கெனவே வலி இருந்தால் படுப்பதற்கு முன்பே சொல்லுங்கள், தலையணை வைத்துத் தருவோம். முதலில் எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டு போங்கள், ரிப்போர்ட் எழுதும் டாக்டர் அதைக் கேட்பார்.